தண்டலின் கைப்பிடி

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நம் தொழிலுக்கு இந்த ஊரில் பெயரே கிடையாது. பிசியோதெரபிஸ்ட் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். ஜனங்கள் எனக்கு வைத்த பெயர் ‘கரண்ட் வைக்கிற டாக்டரம்மா’. இடுப்பு வலி, கழுத்து வலி என்று வருகிறவர்கள், “கொஞ்சம் கூட்டி வைங்கம்மா, நல்லா சுருசுருன்னு ஏறணும்” என்று சாம்பாருக்குக் காரம் சொல்வதுபோலச் சொல்வார்கள். சேரன்மகாதேவியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருவேன். கரண்ட் வைக்கும் மெஷினைத் தட்டித் தட்டி ஓட வைப்பேன். சாயங்காலம் மறுபடியும் நின்றுகொண்டே திரும்புவேன். கால் தசையைப் பற்றிப் பேச எனக்கு அப்போதே தகுதி வந்துவிட்டது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எந்தத் தசைக்கு எந்தப் பயிற்சி என்பதெல்லாம் உங்கள் பாடப்புத்தகங்களில் என்னைவிட நன்றாக இருக்கிறது. அதில் நான் கை வைக்கப் போவதில்லை. தொண்ணூறுகளில் எங்களிடம் வந்த ஒரே ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவருக்கும், அவருடைய மருமகளுக்கும், எங்கள் பெரிய டாக்டருக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனில் ஒரு பங்கை இப்படியாவது தீர்க்கலாம் என்று ஓர் ஆசை.

முதலில் பெரிய டாக்டர். பெயரைச் சொன்னால் இப்போதும் என்னைத் திட்டுவார் என்பதால் பெரிய டாக்டர் என்றே இருக்கட்டும். ஜங்ஷன் பக்கத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பொது மருத்துவம் அவர் கையில் இருந்தது. வயதானவர்களைப் பார்ப்பதென்றால் அவருக்குத் தனிப் பிரியம். ஒரு முறை சென்னையில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தவர், இனிமேல் அறுபது தாண்டி யார் வந்து படுத்தாலும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார். ஒன்று இரத்தம். இரண்டாவது தசையின் பலம். மூன்றாவது, அந்த ஆள் எப்படி வாழ்கிறார் என்று உட்கார்ந்து கேட்பது. “தூக்கம் வருதா, சோறு ருசிக்கா, மனசு நிறைவா இருக்கா” என்று ஆரம்பித்துக் கொஞ்சம் கேள்விகள்.

“ரத்தம் ஒண்ணு சொல்லும். தசை ஒண்ணு சொல்லும். ஆளு ஒண்ணு சொல்லுவான். மூணும் ஒத்துப் போச்சுன்னா கவலையில்ல. ஒத்துப் போகலைன்னா, மூணுல எவனோ ஒருத்தன் பொய் சொல்லுதான். அவனைப் பிடிக்கணும்.” இதுதான் அவர் எங்களுக்கு எடுத்த வகுப்பு. வேறு வகுப்பு எடுத்ததாக நினைவில்லை.

தசையின் பலத்தைப் பார்க்கும் வேலைக்காக என்னைத் தன்னோடு வார்டு சுற்ற அழைத்தார். கரண்ட் வைக்கிறவளுக்கு வார்டில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளித்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கட்டிலருகே நின்று, எல்லோர் முன்னாலும், “நீ என்னம்மா சொல்லுத?” என்று கேட்பார். கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும்வரை சும்மா நிற்பார். வேலையில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அவர் அப்படிச் சும்மா நின்றதுதான்.

அந்த வார்டுக்குத்தான் சவரிமுத்துத் தண்டல் வந்து சேர்ந்தார்.

தூத்துக்குடியில் சரக்குத் தோணியை நடத்திப் போகிற தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்த மனிதர். மனைவி இறந்து, வயதும் ஏறியபின், மகன் ராயப்பன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து வைத்துக்கொண்டான். அவனுக்குக் கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. வீடு தச்சநல்லூரில். தண்டலுக்கு இங்கே இருப்பு கொள்ளவில்லை. கடற்கரையில் இருந்த தன் சொந்த வீட்டுக்கு, மாதா கோயில் திருவிழாவுக்குள் திரும்பிப் போய்விட வேண்டும் என்பது ஒன்றே அவருக்கு ஆசை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லுவார்.

முதல் முறை அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். தலை சுற்றல், நாக்கு வறண்டு பேச்சுக் குழறல். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய யூரியா இரத்தத்தில் எகிறிக் கிடந்தது. கிரியாட்டினினும் கூடுதல். டிரிப் ஏற்றினார்கள். இரண்டொரு நாளில் ஆள் எழுந்து உட்கார்ந்து வார்டையே அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிட்டார். கழுத்தில் எப்போதும் லேஞ்சி என்கிற பெரிய கைக்குட்டை ஒன்று கிடக்கும். அதை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே கதை சொல்லுவார். நர்சுகள் ஊசியோடு கதை கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

நான் கைப்பிடிக் கருவியோடு போனேன். உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் முள் நகர்ந்து பலத்தைக் காட்டும் கருவி. தண்டல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓர் அழுத்து அழுத்தினார். முள் போய் முட்டிக்கொண்டு நின்றது.

“இதுக்கு மேல போவாதா எம்மா?” என்றார்.

பக்கத்தில் நின்ற டியூட்டி டாக்டர், இளவட்டம், தானும் ஒரு கை பார்க்க வாங்கினார். முள் பாதி வழியில் நின்றுவிட்டது. தண்டல் அவரைக் கருணையோடு பார்த்து, “தம்பிக்கு சோறு போடுங்க, பாவம்” என்றார். வார்டே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். தசை பலம் பிரமாதம் என்று எல்லோரும் முடிவு செய்தோம்.

மூன்றாவது விஷயத்தைப் பெரிய டாக்டரே கேட்டார். மகனும் மருமகளும் அருகில் நின்றார்கள். மருமகள் பெயர் காந்திமதி. டவுணில் சைவக் குடும்பத்துப் பெண். ராயப்பனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டதால் பிறந்த வீட்டில் பேச்சு வார்த்தை அற்றுப் போயிருந்தது.

“வீட்டுல சௌரியமா இருக்கா தண்டலய்யா?”

“மாதா புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல சார். மவன் தங்கம். மருமவ அதுக்கு மேல.”

“தண்ணி நல்லா குடிக்கியளா?”

“குடிக்கேன், குடிக்கேன்.”

அந்தப் பதிலைக் கேட்டபோது காந்திமதி தரையைப் பார்த்தாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனார். கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். அதே சுற்றல், அதே குழறல், யூரியா முன்பைவிட அதிகம். டிரிப் ஏற்றியதும் இறங்கியது. மறுபடியும் வீடு. மறுபடியும் ஆஸ்பத்திரி. இதற்குள் ‘கிட்னி’ என்ற சொல் அந்த வீட்டுக்குள் போய்க் குடியேறிவிட்டது. கிட்னிக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, மீனையும் முட்டையையும் நிறுத்தினார்கள். தண்டல் கஞ்சியும் ரசமுமாக வற்றிப் போனார். மதுரையில் ஒரு சிறுநீரக நிபுணரைக் கலந்து பேசியதில், அங்கே கொண்டுவரச் சொன்னார். தேவைப்பட்டால் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், அதற்கு முன்னேற்பாடாகக் கையில் ஒரு சிறு அறுவை செய்து இரத்தக் குழாய்களை இணைக்க வேண்டியிருக்கும் என்றார். திங்கட்கிழமை மதுரை என்று முடிவாயிற்று. ராயப்பன் லீவு போட்டு, காருக்கும் சொல்லிவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை தண்டல் கதை எதுவும் சொல்லவில்லை. கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து, தன் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தக் கையத்தான் அறுக்கப் போறாவளாம் எம்மா. இதுக்கப்புறம் கடக்கரைப் பேச்சு எதுக்கு?” என்றார்.

பெரிய டாக்டர் கட்டிலருகே நின்று காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். “ரத்தம் சீக்காளிங்கு. கை வாலிபன்ங்கு. ஆளு ஒரு கொறையும் இல்லங்காரு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்லயே. எவன் பொய் சொல்லுதான்?” என்று தனக்குள் முனகினார். பிறகு வழக்கம்போல என் பக்கம் திரும்பி, “நீ என்னம்மா சொல்லுத?” என்றார்.

சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவர் நின்றுகொண்டிருந்ததால் நானும் தண்டலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது தண்டல் கழிப்பறைக்குப் போக நாற்காலியிலிருந்து எழுந்தார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து, ஓர் உந்து உந்தி, சரக்கென்று எழுந்துவிட்டார். பார்த்தால் பலசாலி எழுந்த மாதிரிதான் இருக்கும். எனக்கோ, எழுந்தது காலா கையா என்று ஒரு சந்தேகம் வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். “ஐயா, ஒரு தடவை கையக் கட்டிக்கிட்டு எந்திரிங்க, பாப்போம்.”

“கைய எதுக்குக் கட்டணும்? ஆண்டவன் எதுக்குக் குடுத்திருக்கான்?”

“சும்மா, எனக்காக.”

நெஞ்சின் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டார். முன்னே சாய்ந்தார். முகம் சிவந்தது. உடம்பு ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. இன்னொரு முறை முயன்றார். பிறகு கையை அவிழ்த்து லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போங்க எம்மா, ஒங்களுக்கு வேற சோலி இல்ல” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாழ்நாளெல்லாம் பாய்க்கயிறு இழுத்த கை அது. எண்பதை நெருங்கியும் அதன் முறுக்கு குறையவில்லை. நாங்கள் அந்தக் கையை அளந்துவிட்டு முழு மனிதனுக்கும் சான்றிதழ் கொடுத்திருந்தோம். தொடைத் தசை கரைந்து போயிருந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. வேட்டி கட்டுகிற ஊரில் தொடையை யார் பார்க்கிறார்கள்?

“ஒருத்தன் அகப்பட்டான்” என்றார் பெரிய டாக்டர். “கை பொய் சொல்லியிருக்கு. இன்னும் ஒருத்தன் இருக்கான். இங்க வந்தா யூரியா இறங்குது, வீட்டுக்குப் போனா ஏறுது. மருந்துல ஒரு வித்தியாசமும் இல்ல. அப்ப வீட்டுல என்னமோ இருக்கு. நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வாம்மா. திங்கக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும்.”

அன்று மாலை தண்டலை வீட்டுக்கு அனுப்பினார்கள், மதுரைக்கு மூட்டை கட்ட. சனிக்கிழமை முற்பகல் நான் தச்சநல்லூர் போனேன். ராயப்பன் வேலைக்குப் போயிருந்தான். நல்ல வெயில். தண்டல் முன்னறையில் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஸ்டூலின் மேல் ஒரு செம்புத் தண்ணீர், மேலே டம்ளர் கவிழ்த்தபடி. செம்பின் கழுத்துவரை தண்ணீர் நின்றது. அவர் உதடு வெடித்திருந்தது.

“குடிக்கலையா ஐயா?”

“இப்பத்தான் குடிச்சேன்” என்றார்.

கையும் முகமும் கழுவ வேண்டும் என்று சொல்லிப் பின்கட்டுக்குப் போனேன். முற்றத்தைத் தாண்டி, இரண்டு படி ஏறினால் கழிப்பறை. தரையில் குந்தி உட்காருகிற வகை. நான்கு சுவரும் வழுவழுவென்று இருந்தன. பிடித்துக்கொள்ள ஓர் ஆணிகூட இல்லை. அங்கேயே நின்று எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று சொன்னால் அது பீற்றல். பாதி புரிந்தது. எங்கள் ஆஸ்பத்திரி அறையில் நாற்காலிபோல உட்காரும் கழிப்பறை, பக்கச் சுவரில் பிடிமானம். அங்கே அவருடைய கை அவரை எழுப்பிவிட்டது. இங்கே கைக்கு வேலையே இல்லை.

மீதிப் பாதியைச் சமையலறையில் காந்திமதி சொன்னாள். காபி கலந்துகொண்டிருந்தவளிடம், மாமா தண்ணீர் குடிக்கிறாரா என்று கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“குடிக்க மாட்டாகக்கா. காலையில அவுக மவன் குடுத்தா குடிப்பாக. சாயங்காலம் அவுக வந்து குடுத்தா மடக்கு மடக்குன்னு குடிப்பாக. பகல்ல நான் எத்தனை தடவை கொண்டு வச்சாலும் அப்படியே இருக்கும். நான் வேத்து ஆளுதானக்கா. எங்க கல்யாணத்துக்கே மாமா வரல. என் கையால குடிக்க அவுகளுக்கு மனசு வரல.”

“இத ஏம்மா டாக்டர்ட்ட சொல்லல?”

“எப்படிச் சொல்லுவேன்? இவுகளுக்குத் தெரிஞ்சா அப்பாவோட சண்டைக்குப் போவாக. எங்க வீடுதான் இல்லன்னு ஆயிட்டு. இந்த வீடும் என்னால ரெண்டாகணுமா?” என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

காபியைக் குடிக்காமலே முன்னறைக்கு வந்தேன். தண்டலுக்கு எதிரே உட்கார்ந்து, பைய, காதோடு காதாகக் கேட்டேன். “ஐயா, பின்கட்டுல ஒக்காந்தா எந்திரிக்க முடியல, அதானே?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதலில் கோபம்தான் இருந்தது. பிறகு அதுவும் போயிற்று.

“ஒரு நாளு மாட்டிக்கிட்டேன் எம்மா. மவன் வேலைக்குப் போயிட்டான். ஒக்காந்தவன் எந்திரிக்க மாட்டேங்கேன். அந்தப் பிள்ள வெளிய நின்னு மாமா மாமான்னு கூப்புடுது. என்னன்னு சொல்ல? மருமவளை வந்து தூக்கிவிடச் சொல்லவா? தவழ்ந்து, கதவைப் பிடிச்சு வந்தேன். அன்னைக்கு முடிவு பண்ணேன். உள்ள போனாத்தான வெளிய வரும்? மவன் இருக்கப்ப அவன் ஒரு கை குடுப்பான். வயசாயிட்டு, வழுக்கிரும்னு நினைச்சுக்கிடுவான். பகல்ல குடிக்கிறதில்ல. பீப்பாத் தண்ணியப் பங்கு வச்சுக் குடிச்சு மாலத்தீவு போனவன் நான். எனக்கு இது பெரிசா?”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி வலித்தது. “அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியக்கூடாது எம்மா. ரொம்ப மரியாதையான பிள்ள. சத்தியம் பண்ணு.”

பிள்ளைகளே, நம் வேலையில் இப்படி ஓர் இடம் வரும் என்று எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் திங்கட்கிழமை இவர் கையை அறுப்பார்கள். சொன்னால், என்னை நம்பிய மனிதரின் மானத்தை நானே முற்றத்தில் போட்டு உடைத்ததாகும். அடுப்படியில் ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள். யோசிக்க அவகாசம் இல்லை, அவர் கையையும் விடவில்லை. அவர் ரகசியம் அவருடையது, அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று பட்டது. ஆனால் அந்தப் பெண் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை அவர் அறியாமல் இருப்பது நியாயமில்லை என்றும் பட்டது.

“சத்தியம் பண்ணுதேன் ஐயா. நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கிடணும். நீங்க ஏன் தண்ணி குடிக்கலைன்னு ஒங்க மருமவ என்ன நினைச்சிருக்கா தெரியுமா?” என்று ஆரம்பித்து, அவள் சொன்னதைச் சொன்னேன். கல்யாணத்துக்கு அவர் வராததையும் சேர்த்தே சொன்னேன்.

தண்டலின் முகத்தில் அவ்வளவு வேதனையை எந்த வலியிலும் நான் பார்த்ததில்லை. “தோணி மாலத்தீவுல காத்தில்லாம கெடந்துச்சு எம்மா” என்றார். “நான் வேணும்னா வராம இருந்தேன்?”

செம்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, காற்றை மீறிக் கூப்பிட்டுப் பழகிய அந்தக் குரலில், “எம்மா காந்தி!” என்று கூப்பிட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“இந்தத் தண்ணி சூடாயிட்டு. பானையில இருந்து வேற கொண்டா.”

கொண்டுவந்தாள். அவர் டம்ளரை ஒதுக்கிவிட்டு, செம்போடு அவள் கையிலிருந்து வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார். லேஞ்சியால் வாயைத் துடைத்தார்.

“குடிச்சாச்சு. இனிமே நீதான் பொறுப்பு, பாத்துக்க. எனக்கு அங்கன ஒக்காந்தா எந்திரிக்க முடியாது. காலுல சத்து இல்ல. கூப்புட வெக்கப்பட்டுக்கிட்டு ஒன் தண்ணியக் குடிக்காம இருந்தேன். வேற ஒண்ணும் இல்ல எம்மா. மாதா மேல ஆணை.”

காந்திமதிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “எங்கப்பா வாதத்துல கெடந்தப்ப நாந்தான் மாமா எல்லாம் பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?” என்றாள். நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா அழுதாள் என்று பேர் வாங்கக்கூடாதே.

ஞாயிற்றுக்கிழமை பெரிய டாக்டர் எல்லோரையும் வரச் சொன்னார். ராயப்பன் கொதித்துப் போயிருந்தான். “கிட்னி போச்சுன்னு சொன்னதும் நீங்கதான், இப்ப தண்ணின்னு சொல்லுததும் நீங்கதான். காரு சொல்லியாச்சு. போவாம இருந்து அப்பாக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா யாரு சார் பொறுப்பு?”

கேள்வியில் தப்பே இல்லை. அந்த வயதில் தண்ணீரில்லாமல் காய்ந்த சிறுநீரகம் நிஜமாகவே கெட்டுப் போயிருக்கவும் கூடும். பெரிய டாக்டர் குரலை உயர்த்தவில்லை. மதுரை நிபுணரோடு ஏற்கெனவே தொலைபேசியில் பேசியிருந்தார்.

“நான்தான் பொறுப்பு. ஒரு வாரம் எனக்குக் குடுங்க. டிரிப் கிடையாது. வீட்டுத் தண்ணி, வீட்டுச் சோறு. வார நடுவுல ரத்தம் பாப்போம். ஏறியிருந்தா என் கார்ல நானே மதுரைக்குக் கூட்டிட்டுப் போவேன். மதுரை சாரும் சரின்னுட்டாரு.” பிறகு என்னைக் காட்டி, “இந்தம்மா நேர்ல பாத்துட்டு வந்து சொன்னாங்க. நான் நம்புதேன்” என்றார்.

ராயப்பன் அப்பாவைப் பார்த்தான். தண்டல் சொன்னார், “எனக்கு எந்திரிக்க முடியலலே. அதான். ஒன்ட்டச் சொல்லியிருக்கணும்.” ராயப்பன் போய்க் காரை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தான். அன்றைக்கே கம்பெனி நண்பன் ஒருவனைக் கூட்டிவந்து, கழிப்பறைச் சுவரில் இரும்புக் குழாய் பதித்தான். நடுவில் ஓட்டை போட்ட ஒரு மர முக்காலி செய்து உள்ளே போட்டான்.

வார நடுவில் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை நான் ஒரு கிழவிக்கு இடது தோளுக்குப் பதில் வலது தோளில் கரண்ட் வைத்துக்கொண்டிருந்தேன். அவள்தான் திருத்தினாள். பெரிய டாக்டர் கதவருகே வந்து நின்று, “இறங்கியிருக்கு” என்றார். ஒரே வார்த்தை. யூரியா வீட்டிலேயே இறங்கியிருந்தது. கிரியாட்டினின் அதன் பின்னாலேயே மெல்ல வந்தது. மதுரைப் பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பிறகுதான் நம் வேலை ஆரம்பம். உயரமான கட்டிலில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு எழுவது. அது வந்ததும் நாற்காலி. பிறகு அதைவிடத் தாழ்ந்த ஸ்டூல். அதற்கு அவர் என்னைத் திட்டிய திட்டுகளை எழுத முடியாது. மீனைத் திரும்பக் கொடுக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார். சைவ வீட்டில் பிறந்த காந்திமதி சாளை மீன் குழம்பு வைத்தாள். உப்பு கூடிப்போச்சு என்று சொல்லிக்கொண்டே தண்டல் இன்னொரு முறை ஊற்றச் சொல்லுவார். எழுந்து நிற்கும்போது தோணிக்காரர்கள் கயிறு இழுக்கும் சத்தம் போடுவார். “ஏலோ... ஏலேலோ...” அடுப்படியிலிருந்து காந்திமதி “ஐலசா” என்பாள். இரண்டு ஊர்க் குடும்பம் ஒன்றாவதற்கு என்னென்ன வழியோ.

இப்போது உங்களிடம் இரத்தத்தில் பார்ப்பதற்கு எத்தனையோ குறியீடுகள் இருக்கின்றன. சந்தோஷம். எல்லாவற்றையும் பாருங்கள். ஆனால் எண்ணும் ஆளும் ஒத்துப் போகாதபோது, ஆள் இருக்கும் வீட்டைப் போய்ப் பாருங்கள். எங்கே உட்காருகிறார், எப்படி எழுகிறார், யார் முன்னால் எதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று பாருங்கள். வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று குடும்பத்தை நிற்க வைத்துக்கொண்டு கேட்டால், நம் ஊரில் ஒரு கிழவரும் உண்மை சொல்ல மாட்டார். அது பொய்யில்லை, மரியாதை. பெரிய டாக்டர் எனக்காகக் காத்து நின்றதுபோல, நீங்களும் பதிலுக்குக் கொஞ்சம் காத்து நில்லுங்கள். அவர் நிற்காமல் போயிருந்தால் தண்டல் நாற்காலியிலிருந்து எழுந்ததை நான் பார்த்திருக்கவே மாட்டேன். அந்த நன்றி எனக்கு இன்னும் குறையவில்லை.

திருவிழாவுக்குக் கொடியேற்றும் வாரம் தண்டல் ஊருக்குக் கிளம்பினார். துணைக்கு ஓர் ஆளை வைத்து, கடற்கரை வீட்டிலேயே இருக்கட்டும் என்று ராயப்பன் ஒப்புக்கொண்டிருந்தான். வழியனுப்ப நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். உண்மையில் அவரை வழியனுப்பப் போகவில்லை. அவர் காலைப் பார்க்கப் போனேன். பஸ்ஸின் படி உயரம், நமக்கே முட்டி மடங்கும். தண்டல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலை எடுத்து வைத்தார். கம்பியைத் தொடவில்லை. தொடை தாங்கியது, எனக்குத் தெரிந்தது.

அப்போது பின்னால் நின்ற காந்திமதி, பழக்க தோஷம், கையை நீட்டினாள். அந்தக் கை அவருக்குத் தேவையே இல்லை. பாதி ஏறிய மனிதர் நின்று, திரும்பி, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளில் ஏறினார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் ஜன்னலில் தலையை நீட்டினார். “காந்தி, தண்ணி பாட்டில எங்கன வச்ச?”

அவள் கீழே நின்றபடி அவர் மடியிலிருந்த கூடையைக் காட்டினாள். பஸ் கிளம்புவதற்கு முன்பே அவர் பாதியைக் குடித்துவிட்டார்.